கைமடிப் பெண்ணின் வாயால் பேசுகிறீர்கள்

கேள்வி: நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் 11 வருடம் ஓவர்லாக் டைலராக இருந்தேன். வயது 34. நாலு மாதத்துக்கு முன் என்னை லைன் சூபர்வைசர் ஆக்கினார்கள். லைனில் 32 பேர். நேற்றுவரை ஒன்றாக டீ குடித்தவர்கள் இன்று நான் சொன்னால் காதில் வாங்குவதில்லை. எனக்கு முன் இருந்த அண்ணன் கத்தியே வேலை வாங்குவார். எனக்குக் கத்த வராது. மணிக் கணக்கு போர்டில் டார்கெட் எட்டுவதே இல்லை. பனியனின் அடி விளிம்பை மடித்துத் தைக்கிற பாட்டம் மடிப்பில்தான் பீஸ் தேங்குகிறது, அதுவும் நேவி ப்ளூ வந்தால் குறை என்று திரும்பி வருகிற ஆல்டர் பீஸ் ஜாஸ்தி. பாட்டம் அடிப்பது என் நாத்தனார். எனக்கு மெஷின் பழக்கிவிட்டதே அவர்தான். வீட்டில் சண்டை வேண்டாமே என்று அவருக்கு எதுவானாலும் டைலர்களுக்குக் கூடமாட உதவுகிற கைமடிப் பெண்ணிடம் சொல்லி அனுப்பிவிடுவேன். "அக்காவை ஒண்ணும் சொல்லாதே" என்று என் கணவரும் சொல்லியிருக்கிறார். சரக்கு வாங்குகிற பையருடைய க்யூசி, அதாவது தரம் பார்க்கிறவர், வந்தால் இங்கிலீஷ் தெரியாமல் முழிக்கிறேன். லீடர்ஷிப், கம்யூனிகேஷன் கோர்ஸ் ஏதாவது படித்தால் சரியாகுமா? எதில் சேரலாம்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: இந்த மாதிரிக் கடிதம் எனக்கு மாதம் நாலைந்து வரும். நர்ஸ் எழுதுவார், வங்கி மேலாளர் எழுதுவார், தலைமையாசிரியை எழுதுவார். பதவி வந்துவிட்டது, பேச்சு எடுபடவில்லை. "கவலை வேண்டாம், போகப் போகச் சரியாகிவிடும்" என்று நான் எழுதப்போவதில்லை. தானாகச் சரியான லைனை நான் பார்த்ததில்லை.

டார்கெட், கத்தல், இங்கிலீஷ் மூன்றையும் ஓரமாக வையுங்கள். உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "கைமடிப் பெண்ணிடம் சொல்லி அனுப்பிவிடுவேன்." எழுதும்போது உங்களுக்குக் கை கூசவில்லையா?

உங்களுக்கும் நாத்தனாருக்கும் நடுவில் எத்தனை அடி இருக்கும்? இருபது? முப்பது? அந்த முப்பது அடியை நடக்க முடியாமல், பீஸ் அடுக்கி நூல் வெட்டுகிற ஒரு சின்னப் பெண்ணைத் தூது விடுகிறீர்கள். அவள் போய் என்ன சொல்வாள்? "அக்கா, பாட்டம் சரியில்லையாம், பாத்து அடிப்பீங்களாம்." நாத்தனார் என்ன பதில் சொல்வார்? அது எதுவானாலும், அந்தப் பெண் அப்படியே வந்து உங்களிடம் சொல்லப்போவதில்லை. இரண்டு பெரியவர்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவள் பாதியை விழுங்கத்தான் செய்வாள்.

நம் ஊரில் சொல்லி அனுப்புவது என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நேரில் வந்து பத்திரிகை வைக்காமல் யார் மூலமோ அழைத்தார்கள் என்பதற்காகச் சொந்த அண்ணன் வீட்டுக் கல்யாணத்துக்கே போகாதவர்கள் இருக்கிறார்கள். உங்கள் கல்யாணத்தில் தாலிக்கு நாத்தனார் முடிச்சுப் போட்டவர் அவராகத்தான் இருப்பார். மெஷினில் உட்காரவைத்து, பெடலில் காலை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று காட்டிக்கொடுத்ததும் அவர்தான். நீங்கள் இன்று அந்த லைனின் முன்னால் நிற்கிறீர்கள் என்றால் அதில் அவர் பங்கு பெரியது. அப்படிப்பட்டவருக்கு, அதுவும் லைன் முழுக்கப் பார்க்க, தினம் தினம் ஆள் விட்டுச் சொல்லி அனுப்புகிறீர்கள். இதற்கு "சண்டை வேண்டாமே" என்று பெயர் வேறு. சண்டை நாலு மாதமாக நடக்கிறது தங்கச்சி, சத்தம்தான் வரவில்லை.

மற்ற 31 பேரும் இதைப் பார்க்கிறார்கள். பாதிப் பேர், "சொந்தக்காரி என்பதால் அவளை நேரில் ஒன்றும் கேட்பதில்லை, நம்மை மட்டும் வந்து நிற்கவைத்துக் கேட்கிறாள்" என்று நினைப்பார்கள். மீதிப் பேர், "பழக்கிவிட்ட நாத்தனாரையே மதிக்கவில்லை, நம்மையா மதிக்கப்போகிறாள்" என்று நினைப்பார்கள். நீங்கள் சொன்னால் யாரும் காதில் வாங்காததற்குக் காரணத்தை நான் வேறெங்கும் தேடமாட்டேன்.

அடுத்து அந்த நேவி ப்ளூ. உங்களுக்கு 34 வயது. உங்கள் கணவருக்கு அக்கா என்றால் அவர் நாற்பதைத் தாண்டியிருப்பார். நாற்பதுக்கு மேல் வெள்ளெழுத்து யாரையும் விடாது. கருநீலத் துணி, கருநீல நூல், மெஷின் தலைக்குமேல் ஒரு டியூப்லைட். பாட்டம் அடிக்கிற பேட்லாக் மெஷினில் இரண்டு ஊசிக்கு நூல் கோக்க வேண்டும், கீழிருந்து நூலைப் பின்னுகிற லூப்பருக்கும் கோக்க வேண்டும். நூல் அறுந்தால் கோப்பதற்கே நேரம் போகும். மடிப்பு விளிம்பு உள்ளே அகப்பட்டதா, தையல் எங்காவது தாவியதா என்பது வெள்ளைத் துணியில் தெரிகிற மாதிரி கருநீலத்தில் தெரியாது. வெள்ளையில் வராத ஆல்டர் நேவி ப்ளூவில் மட்டும் வருகிறது என்றால் செக்கிங்கில் நின்ற யாருக்கும் முதலில் கண்தான் நினைவுக்கு வரும்.

நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். ஊசி மழுங்கியிருக்கலாம், லூப்பர் டைமிங் விலகியிருக்கலாம், அந்தச் சாயத் துணியே முரடாக இருக்கலாம். எது என்று தெரிந்தவர் உங்களிடமிருந்து முப்பது அடியில் உட்கார்ந்திருக்கிறார். "என்னக்கா, இந்தக் கலர்ல மட்டும் ஏன் இப்படி வருது?" என்று ஒரே ஒரு தடவை நீங்கள் பக்கத்தில் போய்க் கேட்டதில்லை. கைமடிப் பெண்ணிடம் புகாரைக் கொடுத்தனுப்பலாம், கேள்வியைக் கொடுத்தனுப்ப முடியாது. "எனக்குக் கண்ணு தெரியலை" என்பதை எந்தப் பெண்ணும், அதுவும் மெஷின் வேலையை நம்பிப் பிழைக்கிறவர், தூது வந்த சின்னப் பெண்ணிடம் சொல்லமாட்டார்.

நானும் ஒரு காலத்தில் செக்கிங் டேபிளில் நின்றவள். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். குறையுள்ள பீஸில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டி, ஒரு வார்த்தை பேசாமல் டைலர் மேஜையில் போட்டுவிட்டு வந்துவிடுவேன். கறார் என்று நினைப்பு எனக்கு. ஒரு நாள் ஒரு பெரியவர் அரை ஷிப்ட் முழுக்க வந்த ஆல்டர் பீஸையெல்லாம் கூடையோடு தூக்கி வந்து என் முன்னால் கொட்டி, "உனக்கு வாய் இல்லையாம்மா?" என்றார். ஊசிப் பலகையில் சின்னதாக ஒரு பிசிறு. அது துணியைக் கீறியிருக்கிறது. முதல் நாலு பீஸிலேயே நான் போய்ச் சொல்லியிருந்தால் மெக்கானிக் பத்து நிமிடத்தில் உரசிக் கொடுத்திருப்பார். அன்று பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

உங்கள் கணவருக்கும் ஒன்று. "அக்காவை ஒண்ணும் சொல்லாதே" என்றாராம். அக்காமேல் அவ்வளவு பாசம் இருக்கிறவர், அக்காவின் பீஸ் தினம் திரும்பி வருகிறதே ஏன் என்று ஒரு வார்த்தை அக்காவிடமே கேட்டிருக்கலாம். குடும்பத்தில் ஆண்பிள்ளைகள் இப்படி வாயை மூடச் சொல்லிவிட்டு நல்ல பெயரோடு ஒதுங்கிக்கொள்வதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். வீடு வேறு, கம்பெனி வேறு என்று சிலர் வசனம் பேசுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. காலையில் ஒரே பஸ்ஸில் ஏறி, ஒரே லைனில் உட்கார்ந்து, இரவு ஒரே வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு ஏது வேறு? தனக்கு வழிகாட்டிய மூத்தவருக்குக் கண் மங்கினால் அதை முதலில் கவனிக்க வேண்டியது வீட்டு மனுஷர்கள். அதற்குப் பிறகுதான் சூபர்வைசர். நீங்கள் இரண்டுமாக இருந்தும் கவனிக்கவில்லை.

ஆகவே, முதல் பேச்சு வீட்டில், மெஷின் பக்கத்தில் வேண்டாம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிய பிறகு, அவசரமில்லாத நேரத்தில், நீங்களே போய் உட்காருங்கள். நாலு மாதமாக ஆள் விட்டுச் சொன்னது தப்பு என்று முதலில் சொல்லிவிடுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். பிறகு நேவி ப்ளூவைப் பற்றிக் கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள், அவர் பேசட்டும். கண்தான் என்றால் ஞாயிற்றுக்கிழமையே கண்ணாடிக்குக் கூட்டிப்போங்கள், செலவு உங்களுடையது.

திங்கட்கிழமை முதல் எல்லார் மெஷினுக்கும் போவது போல அவர் மெஷினுக்கும் போங்கள். ஏழு பீஸ் எடுத்துப் பார்த்து மெஷினில் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை மாட்டுகிற வழக்கம் உங்கள் கம்பெனியில் இருந்தால், அவருக்கும் அதே ஏழு பீஸ், அதே அட்டை. சிவப்பு என்றால் சிவப்பு. நேரில் பேசிவிட்டு மாட்டுகிற சிவப்பு அட்டையை மனுஷர்கள் தாங்கிக்கொள்வார்கள். பையருடைய க்யூசி தாட்சண்யம் பார்க்கமாட்டார். எத்தனை குறை வரை ஏற்கலாம் என்று சொல்கிற ஏக்யூஎல் 2.5 கணக்கில் 3,000 பீஸ் லாட்டில் 125 எடுத்துப் பார்ப்பார். பெரிய குறை 7 வரை விடுவார், 8 வந்தால் லாட்டையே திருப்பிவிடுவார். அப்போது முழு லைனும் உட்கார்ந்து பிரிப்பீர்கள்.

கத்த வராது என்பதைக் குறை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நல்லவேளை, வராமலே இருக்கட்டும். 2021 ஜனவரியில் திண்டுக்கல் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் இளம்பெண் கொல்லப்பட்டு, அவருடைய சூபர்வைசர் கைதானார். அதன் பிறகு 2022 ஏப்ரலில் பெண்கள் நடத்துகிற ஒரு தொழிற்சங்கம் போராடி வாங்கிய திண்டுக்கல் ஒப்பந்தத்தில், லைனில் நடக்கும் தொல்லைகளைக் கவனித்துச் சொல்லத் தொழிலாளர்களையே பயிற்சி கொடுத்து நிறுத்தினார்கள். சூபர்வைசரின் வாய்க்கும் கைக்கும் பயந்து பெண்கள் வேலை பார்த்த கதை நம் தொழிலில் நீளமானது. நீங்கள் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

கோர்ஸ் கேட்டீர்கள். இரண்டாம் உலகப் போர்ச் சமயம் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் சூபர்வைசர்களுக்கென்று ஒரு பயிற்சி வைத்தார்கள், டிடபிள்யூஐ (டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி) என்று பெயர். ஒரு பாடம் 10 மணி நேரம்தான். போருக்குப் பின் அது ஜப்பானுக்குப் போய் டொயோட்டா வரை வேர்விட்டது. ஆட்களை நடத்துவது பற்றிய பாடத்தின் அடிப்படை நாலே விஷயம்: வேலை எப்படிப் போகிறது என்று அவரவரிடம் சொல், நன்றாகச் செய்தால் அப்போதே பாராட்டு, மாற்றம் வருகிறது என்றால் முன்னாலேயே தெரிவி, அவரவர் திறமையை முழுசாகப் பயன்படுத்து. இந்த நாலில் எதைக் கைமடிப் பெண் உங்களுக்காகச் செய்வாள்? இதைத்தான் எந்த வகுப்பிலும் வேறு வேறு வார்த்தையில் சொல்லித்தருவார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எதில் வேண்டுமானாலும் சேருங்கள், அதற்கு முன் காசைக் கட்டாதீர்கள்.

இங்கிலீஷ் அவசரமில்லை. க்யூசியிடம் பீஸைக் கையில் எடுத்துக் காட்டினாலே பாதி பேசியாகிவிடும். திருப்பூர் லைன் என்றால் ஒடிசா, பீகாரிலிருந்து வந்த பிள்ளைகளும் இருப்பார்கள். உங்கள் லைனில் இருந்தால் முதலில் அவர்களிடமிருந்து இருபது ஹிந்தி வார்த்தை கற்றுக்கொள்ளுங்கள். தினம் பேச வேண்டியது அவர்களோடு.

அந்தக் கைமடிப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, இனி யாருக்கும் எதுவும் போய்ச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நாலு மாதத்தில் இரண்டு பக்கமும் அவள் என்னவெல்லாம் கேட்டிருப்பாளோ. அவளுக்கு ஓவர்லாக் பழக ஆசை இருக்கிறதா என்றும் கேளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் வேஸ்ட் துணியில் ஓட்டிப் பார்க்கட்டும். உங்களுக்கு உங்கள் நாத்தனார் செய்தது அதுதானே.