மாலை பேட்ச் 5 மார்க் அதிகம்: இது நிஜ வித்தியாசம்தானா?

தாராவியில் டியூஷன் எடுக்கிறீர்கள். பேட்ச்சுக்கு 12 பிள்ளைகள், காலை சராசரி 62, மாலை 67, மாலைதான் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள். 24 மார்க்கையும் துண்டுச் சீட்டில் எழுதி, குலுக்கி, பார்க்காமல் பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு பங்காகப் பிரியுங்கள். சராசரிகளின் வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி குலுக்குங்கள். ஒரு 100 தடவை. (எக்செல் தெரிந்த பையனுக்கு இது சின்ன வேலை.) அதில் இருபது முப்பது தடவை 5 மார்க்கோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்தால், உங்கள் 5 வெறும் குலுக்கலிலேயே வரக்கூடியதுதான். ஐந்து தடவைக்கும் குறைவு என்றால் கவனிக்கலாம். இந்த 5 சதவீதக் கோடு 1925-இல் புள்ளியியல் அறிஞர் ஃபிஷர் வசதிக்காகச் சொன்னது, வேதவாக்கு அல்ல.

அப்புறம், வித்தியாசம் நிஜமென்றாலும் காரணம் வேறாக இருக்கலாம்: விடிகாலையில் குழாயடியில் குடத்தோடு நின்றுவிட்டுத் தாமதமாக வரும் பிள்ளைகள் எந்த பேட்ச்? அதைச் சீட்டு சொல்லாது.