விவசாயிகளே காட்டுப்பன்றியைச் சுட அரசு ஏன் அனுமதிப்பதில்லை?

பயிரை அழிக்கும் பன்றியைச் சுட வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. ஆனால் வனத்துறைதான் சுட வேண்டும், அதையும் புகார் கொடுத்த ஒன்றிரண்டு நாளில் செய்ய வேண்டும்.

சட்டம் ஏற்கெனவே வழி விட்டுத்தான் வைத்திருக்கிறது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி புலி, யானை போன்றவை மனித உயிருக்கு ஆபத்து என்றாலும், பிடிக்கவோ மயக்க ஊசி போடவோ வழியே இல்லாதபோதுதான் கொல்ல உத்தரவிடலாம். 2021இல் நீலகிரியில் கூடலூர், மசினகுடி மக்களை நடுங்க வைத்த டி23 புலியைக்கூட உயிரோடு பிடித்து மைசூருக்குத்தான் அனுப்பினார்கள். ஆனால் காட்டுப்பன்றி அதே சட்டத்தில் பாதுகாப்பு குறைந்த இரண்டாம் அட்டவணையில் வருவதால், நிற்கிற பயிரை அழிக்கிறது என்பதே அனுமதிக்குப் போதும்.

2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது இதுதான்: காப்புக்காட்டிலிருந்து 1 கி.மீ. வரை சுடக்கூடாது, 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும், 3 கி.மீ.க்கு அப்பால் வந்தால் வனத்துறையினர் சுடலாம். நல்ல முடிவுதான். சிக்கல் நடைமுறையில் இருக்கிறது. விவசாயி வி.ஏ.ஓ.விடம் சொல்லி, அவர் வனவருக்கு அனுப்பி, அது வனச்சரகரிடம் போய்ச் சேர வேண்டும். மக்காச்சோளம் பால் பிடித்து நிற்கும்போது ஒரு பன்றிக் கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் பாதி வயலை மிதித்துச் சாய்த்துவிடும், கடன் வாங்கி விதைத்தவன் காகிதம் நகரும்வரை எப்படிப் பொறுத்திருப்பான்? பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டிப் பார்க்கிறான், ராத்திரி முழுக்கத் தகரம் தட்டுகிறான், அப்புறம் யாரோ சொன்னார்கள் என்று வேலியில் கரண்ட் கொடுக்கிறான், இல்லையென்றால் தீனிக்குள் மறைத்த நாட்டு வெடியான அவுட்டுக்காய் வைக்கிறான். இந்த இரண்டுக்கும் பன்றி எது, யானை எது என்று தெரியாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஹள்ளி பக்கம் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் செத்தன, தாயில்லாமல் இரண்டு குட்டிகள் நின்றன. அரசு நேரத்துக்கு வந்து ஒரு பன்றியைச் சுட்டால் இதையெல்லாம் தடுக்கலாம் என்று உறுதியாக நம்புகிறேன்.

சரி, துப்பாக்கியை விவசாயிகளிடமே கொடுத்தால்? வேண்டாம். பன்றி வருவது இருட்டில். பக்கத்துத் தோட்டத்துப் பரணில் ஆள் காவலுக்குப் படுத்திருப்பார். கேரளாவில் 2022இல் உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தார்கள், அங்கேயும் துப்பாக்கி உரிமம் உள்ளவர்களைத் தேடித்தான் அழைக்க வேண்டியிருக்கிறது.

எனக்குப் பெரிய மனக்குறை அந்த முதல் 1 கி.மீ. பற்றித்தான். தினம் தினம் அடி வாங்குவது காட்டை ஒட்டியிருக்கும் விவசாயிகள்தான். அங்கே சுடக்கூடாது என்பதை ஏற்கிறேன், அது காட்டு உயிர்கள் நடமாடும் இடம். ஆனால் அங்கே பயிர் போனால் அடுத்த விதைப்புக்கு முன் இழப்பீடு கைக்கு வர வேண்டும், லேசான அதிர்ச்சி மட்டும் தரும் சூரிய மின்வேலிக்கான மானியத்திலும் அவர்களுக்கே முதலிடம் தர வேண்டும்.