வசனம் தெரியும், வேளைக்கு வாயில் வருவதில்லையே? (கேள்வி-பதில்)

ஞாயிறு பள்ளி நாளிலிருந்தே நிறைய வேத வசனங்கள் மனப்பாடம். ஆனால் கோபம் வந்தால் ஒன்றுகூட நினைவுக்கு வருவதில்லை. ஏன்?

பரிசுக்காகப் படித்த வசனம் மேடையில்தான் நினைவுக்கு வரும். நீங்கள் விழும் இடத்தோடும் நேரத்தோடும் அதை இணைக்க வேண்டும். "எனக்குக் கோபம் அதிகம்" என்று எழுதினால் பயனில்லை. "வேலை முடிந்து பசியோடு வந்து, பிள்ளையின் மார்க்கைப் பார்த்ததும் கத்திவிடுகிறேன்" என்று எழுதுங்கள். அதற்கு ஒரே வசனம் போதும்: "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும், கடுஞ்சொற்களோ கோபத்தை எழுப்பும்" (நீதிமொழிகள் 15:1).

நோட்டில் கையால் எழுதுங்கள். அதிகாரமும் எண்ணும், வசனம், மறுபடி அதிகாரமும் எண்ணும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் வாரம் தினமும் இருமுறை, பிறகு ஒரு மாதம் வாரம் ஒருமுறை. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிப் பழகுங்கள். சோதனை அந்த வாசலுக்கு உள்ளேதான் இருக்கிறது. ஒரே சமயத்தில் மூன்று வசனங்களுக்கு மேல் வேண்டாம். சாப்பிட்ட பிறகு மார்க்கைப் பற்றிப் பேசுங்கள். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று கேட்ட எலியாவுக்கு, தூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீரும்தான் (1 இராஜாக்கள் 19).

பிசாசும் வசனம் சொன்னானே! அப்படியானால் வசனம் எப்படி ஆயுதமாகும்?

நல்ல கேள்வி. மத்தேயு 4-இல் இயேசுவைச் சோதித்தபோது அவன் சொன்னது சங்கீதம் 91:11,12. மூலத்தில் "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்று இருக்கிறது. "உன் வழிகளிலெல்லாம்" என்பதை அவன் விட்டுவிட்டான். தேவன் நடத்தும் வழியில் போகிறவனுக்குக் கொடுத்த வாக்கு, வேண்டுமென்றே மாடத்திலிருந்து குதிக்கிறவனுக்கு அனுமதிச்சீட்டாகிவிட்டது. விரியன்பாம்பின்மேல் நடப்பாய் என்கிற 13-ஆம் வசனத்துக்கும் அவன் போகவில்லை!

இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 அதிகாரங்களிலிருந்து வந்தவை. நாற்பது வருஷம் வனாந்தரத்தில் அலைந்த இஸ்ரவேலுக்குச் சொல்லப்பட்டவை அவை. அவரோ நாற்பது நாள் வனாந்தரத்தில் பசியோடு இருக்கிறார். கல்லை அப்பமாக்கு என்றதற்கு, வனாந்தரத்தில் கிடைத்த மன்னா என்னும் உணவைப் பற்றிப் பேசும் 8:3. குதி என்றதற்கு, மாசா என்னும் இடத்தில் "கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா" என்று ஜனங்கள் பரீட்சை பார்த்ததை நினைவூட்டும் 6:16. உலக ராஜ்யங்களைத் தருகிறேன் என்றதற்கு 6:13. அதற்கு முந்தின வசனங்கள், கட்டாத பட்டணங்களும் நடாத தோட்டங்களும் கிடைத்த பிறகு கர்த்தரை மறவாதே என்று எச்சரிக்கின்றன. பசிக்குப் பசி, பரீட்சைக்குப் பரீட்சை, ஆஸ்திக்கு ஆஸ்தி. ஆகவே ஒரு வசனத்தை எடுக்குமுன் மேலும் கீழும் பத்து வசனம் வாசியுங்கள். யாரிடம், எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்று தெரிந்தால்தான் அது சரியான இடத்தில் வெட்டும்.

அலுவலகத்தில் 'கவர்' (லஞ்சம்) வாங்காமல் இருக்க முடியவில்லை. எந்த வசனம் உதவும்?

எபிரெயர் 13:5. வருஷப் பிறப்பு வாக்குத்தத்த அட்டையில் "நான் உன்னைவிட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை" என்ற பின்பாதி மட்டும் அச்சாகியிருக்கும். முன்பாதி: "நீங்கள் பண ஆசையில்லாதவர்களாய் நடந்து, உங்களுக்கு இருக்கிறவைகள் போதுமென்று எண்ணுங்கள்." இரண்டையும் சேர்த்துப் படியுங்கள், கைவிடமாட்டார் என்பதால்தான் கவர் தேவையில்லை. லஞ்சம் வாங்காதே என்கிற யாத்திராகமம் 23:8-ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அதோடு, வருகிறவரைத் தனியறையில் சந்திக்காதீர்கள், சக ஊழியர் பார்வையில் இருக்கும் மேசையிலேயே பேசுங்கள். சம்பளத்துக்குள் அடங்காத இஎம்ஐ இருந்தால் முதலில் அதைக் குறையுங்கள். மாதக் கடைசியில் அந்தக் கடன்தான் கையை நீட்ட வைக்கும்.

இரவில் போனில் ஆபாசம் பார்க்கிறேன். வசனம் சொல்லிக்கொண்டே பார்த்துவிடுகிறேன்.

வசனம் மந்திரமல்ல. 1 கொரிந்தியர் 10:13 "தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் உண்டாக்குவார்" என்கிறது. அடுத்த வசனமே "விலகி ஓடுங்கள்" என்கிறது. அங்கே பேச்சு விக்கிரகாராதனையைப் பற்றி. ஆனால் 6:18-இல் வேசித்தனத்துக்கும் அதே கட்டளைதான். யோசேப்பு போத்திபாரின் மனைவியிடம் பதில் சொன்னது முன்பு. அவள் வஸ்திரத்தைப் பிடித்தபோது ஓடினான். போனை ஹாலில் சார்ஜ் போடுங்கள், எழுப்ப ஒரு அலாரம் கடிகாரம் போதும், அதுவும் போதாதென்றால் வீட்டாரைக் கேளுங்கள். கண்களோடு உடன்படிக்கை பண்ணினேன் என்கிற யோபு 31:1-ஐ படுக்கைக்குப் போகுமுன் சொல்லுங்கள், போனைக் கையில் எடுத்த பிறகு அல்ல. நம்பிக்கையான ஒரு மூத்த சகோதரரிடம் வாரம் ஒருமுறை உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

கணவர் பல வருஷமாகத் தினமும் குடிக்கிறார். ஜெபித்து, வசனத்தைப் பிடித்துக்கொண்டு உடனே நிறுத்தச் சொல்லலாமா?

டாக்டரைப் பார்க்காமல் வேண்டாம், அம்மா. நெடுநாள் அதிகம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். போதை மீட்பு சிகிச்சை எடுப்பது அவிசுவாசம் ஆகாது. மதுவைப் பற்றி எச்சரிக்கும் நீதிமொழிகள் 23:31,32 அவர் தெளிவாக இருக்கும் காலை நேரத்துக்கு. குடித்திருக்கும்போது அதை வாசித்துக் காட்டினால் சண்டைதான் வரும்.

விழுந்துவிட்டால்?

அறிக்கை செய்ய அடுத்த திருவிருந்து ஆராதனை வரை காத்திருக்க வேண்டாம். பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிப்பார் என்கிற 1 யோவான் 1:9-ஐ அன்றைக்கே ஜெபமாக்குங்கள். பிறகு நோட்டைத் திறந்து, எத்தனை மணி, எந்த இடம், அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதுங்கள். அடுத்த வசனத்தைத் தேர்ந்தெடுக்க அந்தக் குறிப்பு வேண்டும்.

வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பா, பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியமா?

உங்கள் சபையில் வாசிப்பது எதுவோ, அது. காதில் தினமும் விழும் சொற்கள்தான் சீக்கிரம் மனதில் நிற்கும். இரண்டையும் கலந்து மனப்பாடம் செய்தால் பாதியில் தடுமாறுவீர்கள்.