வடிவமைப்பு பயில்பவர் தஞ்சை வட்டாரத்தில் எவற்றைப் பார்க்க வேண்டும்?

தாராசுரத்திலிருந்து தொடங்குங்கள் என்பேன். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலில், யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் ஒன்று உண்டு. ஓர் உடலை உள்ளங்கையால் மறைத்தால் யானை மட்டும் நிற்கும். மற்றதை மறைத்தால் காளை. இரு பொருள் தரும் இலச்சினை வரைய விரும்புவோருக்கு இதைவிடச் சிறந்த பாடத்தை நான் கண்டதில்லை. சாய்ந்த வெயிலில் புடைப்புகள் துலங்குவதால், படமெடுக்கக் காலை நேரமே ஏற்றது.

அடுத்து சுவாமிமலை. அங்குள்ள ஸ்தபதிகள் தென்னை ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, அதை மடித்த மடிப்புகளையே முகம், மார்பு, இடை ஆகியவற்றின் அளவாகக் கொண்டு மெழுகில் உருவம் சமைத்து, காவிரி வண்டலைப் பூசிக் காயவைத்து, மெழுகை உருக்கி வடித்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார்கள். வார்த்தபின் அச்சு உடைக்கப்படுவதால் ஒவ்வொரு சிலையும் தனி.

தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்கள் 1931இல் வெளிப்பட்டன. கருவறையைச் சூழ்ந்த அந்த உள்சுற்றுக்குப் பொதுவாக அனுமதி கிடைப்பதில்லை. அச்சுப் பிரதிகளிலாவது சுந்தரர் வரலாற்றுக் காட்சியில் கோடுகள் ஓடும் வேகத்தைக் கவனியுங்கள்.