நான்காம் நாளே மயங்கி விழுந்த தம்பி

கேள்வி: என் தம்பி ஜூன் மாதம் கட்டட வேலைக்குக் கத்தார் போனான். "நான் பார்க்காத வெயிலா?" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினான். நான்காம் நாளே சைட்டில் மயங்கி விழுந்துவிட்டான். இப்போதும் தலை சுற்றுகிறதாம். கேலிக்குப் பயந்து யாரிடமும் சொல்வதில்லை. திரும்பி வரச் சொல்லட்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: டிக்கெட் போடுவதற்கு முன், முதலில் டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். மயங்கி விழுந்தவருக்கு இன்னும் தலை சுற்றுகிறது என்றால் அதை அப்படியே விடக் கூடாது.

நான்காம் நாள் விழுந்ததில் அவமானம் ஒன்றுமில்லை. வெயில் வேலையில் முதல் வாரம்தான் மிக ஆபத்தானது. உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். புதிதாகப் போனவரின் சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு படியும். பழகப் பழக வியர்வையில் உப்பு குறைந்து அந்தக் கோடும் மங்கும். அதனால்தான் முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலை, அப்புறம் தினமும் அதே அளவு கூட்டிக்கொண்டு போவது என்றொரு கணக்கு உண்டு. எந்த ஃபோர்மேன் இதைக் கேட்கிறார் என்கிறீர்களா? நியாயம்தான்.

ஆனால் சட்டம் தம்பி பக்கம் இருக்கிறது. 2021-இல் வந்த விதிப்படி, ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து மாலை 3.30 வரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது. வெப்பத்தோடு ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்த்து அளக்கும் ஒரு அளவு உண்டு (கைப்பேசி காட்டும் டிகிரி அல்ல). அது 32.1-ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலை நிற்க வேண்டும். வெப்பத்தால் உடம்புக்கு ஆபத்து என்று தோன்றினால் தொழிலாளியே வேலையை நிறுத்திப் புகார் செய்யலாம்.

தண்ணீரை மொத்தமாகக் குடிக்காமல், கால் மணிக்கொரு தடவை ஒரு டம்ளர் குடிக்கட்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று அர்த்தம்.

அதைவிட முக்கியம், கூட வேலை செய்யும் ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லி வைப்பது. வெப்பம் மூளையைத் தாக்கும்போது பேச்சு குழறும், ஆனால் குழறுகிறோம் என்பது அவருக்கே தெரியாது. பக்கத்தில் இருப்பவர்தான் கவனித்து, நிழலுக்கு இழுத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 999-ஐ அழைக்க வேண்டும்.

டாக்டர் சரி என்றால் இருக்கட்டும். லீவில் வந்து சில வாரம் தங்கிவிட்டால், உடம்பு வெயிலுக்குப் பழகியது போய்விடும். திரும்பிப் போனதும் மறுபடி முதல் நாள் கணக்குதான். மூன்று வாரம் கழித்தும் இதே மயக்கம் என்றால், தயங்காமல் வரச் சொல்லுங்கள்.