வெளியீட்டுத் தேதியும் பயனரின் வசதியும்: கேள்வி பதில்

கேள்வி: திறமூல மென்பொருளைக் குறித்த தேதியில் வெளியிட வேண்டுமா, பயன்படுத்த எளிதாகும் வரை காத்திருக்க வேண்டுமா?

பதில்: தேதியை மாற்றாதீர்கள், முடியாத வசதியை அடுத்த பதிப்புக்குத் தள்ளுங்கள். லினக்ஸ் கணினிகளில் சாளரங்களையும் பட்டியல்களையும் தரும் மேசைத்தளமான க்னோம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளிவருவது இப்படித்தான். புதிய வசதிகள், திரைத் தோற்றம், திரையில் வரும் சொற்கள் ஆகியவற்றை இன்ன நாளுக்குமேல் மாற்றக்கூடாது என்று கெடு விதிப்பதால், வழு திருத்துவோருக்கும் மொழிபெயர்ப்போருக்கும் மாறாத ஒன்று கையில் கிடைக்கிறது.

கேள்வி: அப்படியானால், தாமதித்து வந்த இன்னொரு மேசைத்தளமான கேடீஈ 4.0 ஏன் அத்தனை எதிர்ப்பைச் சந்தித்தது?

பதில்: அதன் அடித்தளமே, திரைக்கூறுகளை உருவாக்க உதவும் நிரல் தொகுப்பான க்யூட் 4-க்கு மாற்றி எழுதப்பட்டது. 2007 அக்டோபரில் வரவேண்டியது தள்ளிப்போய் 2008 ஜனவரி 11 அன்று வெளிவந்தது. இன்னும் தாமதித்தால் செயலி எழுதுவோர் புதிய தளத்துக்கு வரமாட்டார்கள் என்ற கவலை நியாயமானதே. ஆனால், பேனலின் (திரை ஓரப் பட்டையின்) உயரத்தை மாற்றிக்கொள்ளக்கூடத் திரையில் வழியில்லாத ஒன்றுக்கு 4.0 என்று எண்ணிட்டது தவறு என்பது என் உறுதியான கருத்து. முன்கூட்டியே முயன்று பார்ப்பவர்களுக்கானது இது என்று நிரலாளர்கள் விளக்கினார்கள். சாதாரணப் பயனரோ விளக்கத்தைப் படிப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறார். அதே ஆண்டு மே மாதம் ஃபெடோரா 9 என்ற லினக்ஸ் இயங்குதளம், பழைய கேடீஈ 3.5 மேசைத்தளத்தை நீக்கிவிட்டு 4.0 வரிசையையே தந்ததால், விரும்பாதவர்கள் கணினிக்கும் அது வந்து சேர்ந்தது. பொதுப் பயனரில் பெரும்பாலோருக்கு ஏற்றது என்று கேடீஈ குழுவே சொன்னது 2009 ஜனவரியில் வந்த 4.2 பதிப்பைத்தான். இதற்கிடையே 2008 ஆகஸ்டில் 3.5.10 வெளியிட்டுப் பழைய வரிசையைக் கைவிடாமல் காத்ததை மனமாரப் பாராட்ட வேண்டும்.

கேள்வி: டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போல, தயாரானதும் வெளியிடுகிறோம் என்று இருந்துவிடலாமே?

பதில்: அதற்கும் விலை உண்டு. 2002 ஜூலையில் வந்த உடி என்ற டெபியன் பதிப்புக்குப் பிறகு 2005 ஜூன் வரை அடுத்த பதிப்பான சார்ஜுக்குக் காத்திருந்தவர்கள் பழைய நிரல்களோடு காலம் தள்ளினார்கள். இன்று டெபியன் ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை, மாற்றங்களை நிறுத்தும் தேதியை முன்னரே சொல்லிவிட்டு, கடும் வழுக்கள் தீர்ந்தபின் வெளியிடுகிறது.

கேள்வி: எங்கள் சிறிய குழுவில் பயனர் சோதனையை எப்போது நடத்துவது?

பதில்: திரைத் தோற்றத்துக்கான கெடுவுக்கு முன்பே. உங்கள் மென்பொருளைப் பார்த்திராத ஒருவரிடம் ஒரு கடிதத்தைத் தட்டச்சு செய்து அச்சிடச் சொல்லி, குறுக்கே பேசாமல் அருகில் அமர்ந்திருங்கள். அவர் கை எந்தப் பட்டியலில் தயங்கி நிற்கிறதோ அதைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தை முதலில் சரிசெய்யுங்கள்.