"நான் ஏன் கத்தவில்லை?" என்று கேட்பவருக்கு எப்படி உதவுவது?

கேள்வி: நான் புதிதாக ஆலோசகர் பணிக்கு வந்திருக்கிறேன். பாலியல் வன்முறைக்கு ஆளான ஒரு பெண், "நான் ஏன் கத்தவில்லை?" என்றே வருந்துகிறார். "உங்கள் மேல் தப்பில்லை" என்று பலமுறை சொல்லியும் தலை நிமிரவில்லை. வீட்டாரோ "பழசைக் கிளறாதே" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் சொன்னது உண்மைதான். ஆனால் அவசரப்பட்டுச் சொன்னால், "சரி, பேச்சை முடி" என்பதாகத்தான் அவர் காதில் விழும். முதலில் அவருடைய கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். பேராபத்தில் உடல் எதிர்த்து நிற்கும், இல்லையேல் ஓடும். இரண்டுக்கும் வழியில்லாதபோது உறைந்துவிடும்: கைகால் அசையாது, குரல் எழும்பாது. அது சம்மதம் அல்ல, யோசித்து எடுக்கும் முடிவும் அல்ல. இதைப் பொறுமையாக விளக்குங்கள்.

அப்படியும் அவர் பழியை விடாமல் இருக்கலாம், அதற்கும் காரணம் உண்டு. "என் தப்பு" என்றால் இனிமேல் தடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையாவது மிஞ்சும். பழியை இறக்கிவைத்தால் அன்றைய கையறு நிலைதான் எதிரே நிற்கும். எனவே வெட்கம் தணியும்போது கோபமும் அழுகையும் வந்தால் சிகிச்சை தோற்றதாக எண்ண வேண்டாம். இப்படிச் சிக்கிக்கொண்ட எண்ணங்களை ஆராய்வதற்கென்றே காக்னிட்டிவ் பிராசசிங் தெரபி என்ற உளவியல் சிகிச்சை முறை இருக்கிறது. வழக்கமாக 12 அமர்வுகள். முறையாகப் பயின்று செய்யுங்கள். நடந்ததை விலாவாரியாகச் சொல்லவைப்பது கட்டாயமில்லை. கண்ணைப் பார்த்துப் பேசச் சொல்லியும் வற்புறுத்தாதீர்கள்.

அப்புறம் குடும்பம். அவர் சம்மதித்தால் மட்டுமே அவர்களைச் சந்தியுங்கள், முதலில் தனியாக. "கிளறாதே" என்பதற்குப் பின்னால் பெரும்பாலும் "காப்பாற்றத் தவறிவிட்டோமே" என்ற அவர்களுடைய குன்றலும், ஊர் வாய்க்குப் பயப்படுவதும் இருக்கும். அதட்டினால் இன்னும் இறுகிப்போவார்கள். சொல்லத் தெரியாமல் தவிப்பவர்களுக்கு வார்த்தைகளை எடுத்துக் கொடுங்கள்: "உன்னை நம்புகிறோம். பேசத் தோன்றும்போது பேசு, கேட்கிறோம்." "அப்போதே ஏன் சொல்லவில்லை?" என்ற கேள்வி மட்டும் வேண்டவே வேண்டாம். குற்றம் செய்தவர் வீட்டுக்குள்ளேயே இருந்தால் கூட்டு அமர்வை ஒத்திவைத்து, அந்தப் பெண்ணின் பாதுகாப்பை முதலில் உறுதி செய்யுங்கள்.

வெட்கம் முற்றினால் சாக வேண்டும் என்ற எண்ணமும் வரலாம். அதை நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இருக்கிறது என்றால் அன்றே மனநல மருத்துவரிடம் அனுப்புங்கள், அதுவரை அவரைத் தனியே விடாதீர்கள்.